சிதம்பரநாதன் இறந்த நேரம்

அடைக்கலமேரிக்குப் பத்து வருஷம் நிச்சயம் என்று அரசு வக்கீல் கந்தவேள் கேண்டீனில் பிரியாணிப் பந்தயம் கட்டியிருந்தார். அதுவும் என் காதில் விழும்படி. அடைக்கலமேரியின் வக்கீல் நான்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பந்தயம் கட்ட எதிராளி யாரும் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தப் படத்தையும் எந்தக் குரலையும் யார் வேண்டுமானாலும் பொய்யாகச் செய்துவிடலாம் என்ற காலம் வந்தபோது, நீதிமன்றங்கள் படத்தையும் குரலையும் நம்புவதை விட்டுவிட்டன. மனிதர்களை நம்புவதை அதற்கு முன்பே விட்டாயிற்று. மிச்சம் இருந்தது கோப்பின் நேரம் ஒன்றுதான். ஒரு கோப்பு எப்போது உருவானது என்று கருவி தனக்குள் எழுதி முத்திரை வைத்துவிடும். முத்திரையை உடைக்காமல் அதை மாற்ற முடியாது. ஆகவே நேரச் சான்றுச் சட்டம் வந்தது. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பது சாட்சி அல்ல, அது எப்போது உருவானது என்பதே சாட்சி. கருவி எழுதியதைத் தேதியாகவும் மணியாகவும் மாற்றித் தருவதற்கு அரசு அங்கீகரித்த மென்பொருள் ஒன்றே ஒன்று. பெயர் காலமாற்றி. அது சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது.

அடைக்கலமேரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. சென்னையில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அண்ணா நகரில் ஏழாவது மாடியில் சிதம்பரநாதன் என்ற பெரியவரைக் காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை கவனித்துக்கொண்டாள். இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஆள் வந்து நின்று, "நான் வந்துட்டேன்" என்று வாயால் சொல்லாமல் முதல் ஆள் செருப்பை மாட்டக் கூடாது. அன்றைக்குப் பெரியவரின் மகன் இன்பசேகர் போன் செய்து, "நீ கிளம்பு, அஞ்சு நிமிஷத்துல நான் வந்துடுவேன்" என்றிருக்கிறார். வீட்டு முதலாளியே சொன்னதால் அவள் கிளம்பினாள். மூன்று நாற்பதுக்குப் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். சுவரில் இருந்த, நெட்டில் ஓடும் கருவி அதைக் குறித்துக்கொண்டது. இன்பசேகர் வீட்டுக்கு வந்தது இரவு எட்டரைக்கு. போலீசைக் கூப்பிட்டது அதற்கும் ஒரு மணி நேரம் கழித்து. இடையில் யார் யாரிடமோ யோசனை கேட்டிருக்கிறார்.

"நான் போனே பண்ணல" என்று நீதிமன்றத்தில் கையைத் தூக்கிச் சொன்னார் அந்த மனிதர். அவர் பேசிய குரல் பதிவாகி இருந்தது. குரல்தான் சாட்சி ஆகாதே.

வீட்டு வேலைக்காரர்கள், டிரைவர்கள், வாட்ச்மேன்கள் எல்லோரும் வேலை நேரத்தில் நெஞ்சில் கேமரா மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஏஜென்சி கொடுப்பது மெமரி கார்டு போட்ட மலிவுக் கேமரா. அடைக்கலமேரியின் கேமராவில் கடைசிக் கோப்பு, அவள் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புவது. காலமாற்றி அதற்குக் கொடுத்த நேரம் இரவு ஏழரை. முதல் கோப்பு, அவள் வேலைக்கு வந்தது, மதியம் ஒன்றரை. ஆக, சட்டத்தின் கண்ணில் அவள் பெரியவர் விழுந்தபோது வீட்டில்தான் இருந்தாள். நான்கு மணி நேரம் அவரைத் தரையில் கிடக்கவிட்டு வேடிக்கை பார்த்துவிட்டு, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவர் விழுந்ததாகச் சொல்லப்பட்ட அதே மூன்று நாற்பது என்று காலமாற்றி நேரம் போட்ட அவள் கேமராக் கோப்பில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஜன்னலில் காலை வெயில். நான் அதைச் சொன்னதும் கந்தவேள் எழுந்தார்.

"படம், யுவர் ஆனர். இட்லியும் செய்யலாம், வெயிலும் செய்யலாம்."

"படம் சாட்சி அல்ல" என்றார் நீதிபதி, என்னைப் பார்க்காமலே.

எட்டு மாதமாக அவள் புழல் சிறையில் இருந்தாள். எனக்கு அழுகை வராது. கோபம் வரும். காலமாற்றியைச் செய்த கம்பெனியின் நிபுணர் பவித்ரனைக் கூண்டில் ஏற்றும்படி மனுப் போட்டேன்.

பவித்ரன் இஸ்திரி கலையாத சட்டையில் வந்து நின்றார். கேள்வி கேட்பதற்கு முன்பே சிரித்தார். அப்போதே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

"உங்க காலமாற்றிக்கு ஒரு கோப்பு வந்தா முதல்ல என்ன செய்யும்?"

"அதோட நேர எண்ணை எடுக்கும்."

"என்ன எண் அது?"

"ஆயிரத்து அறுநூத்தி ஒண்ணாம் வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதியிலிருந்து எத்தனை கணம் ஓடியிருக்குன்னு ஒரு பெரிய எண். ஒரு கணம்னா நொடியில கோடியில ஒரு பங்கு. அதை வகுத்து வருஷம், மாசம், தேதி, மணியா மாத்துவோம்."

"ஏன் அந்த வருஷம்?"

"எங்கேயாவது ஆரம்பிக்கணுமே மேடம்." கந்தவேளும் சேர்ந்து சிரித்தார்.

"எந்த ஊர் நேரப்படி எண்ணுறீங்க?"

"கிரீன்விச். உலகம் பூரா ஒரே கணக்கு. அதுல அஞ்சரை மணி நேரம் கூட்டினா இந்திய நேரம் வந்துடும்."

"எல்லாக் கருவியும் அப்படித்தான் எழுதுதா?"

அவர் தண்ணீர் குடித்தார். "பெரும்பாலும்."

"கார்டு கேமரா?"

"கார்டுல எண்ணா எழுதாது. வருஷம், மாசம், தேதி, மணின்னு தனித்தனியா எழுதும்."

"எந்த ஊர் மணி?"

"கேமராவுல என்ன மணி வச்சிருக்காங்களோ அது."

"அதாவது நம்ம ஊர் மணி. சென்னையில ரெண்டு மணின்னா கார்டுலயும் ரெண்டு."

"ஆமா."

"ஏற்கெனவே சரியா இருக்குற அந்த ரெண்டு மணிக்கும் உங்க காலமாற்றி அஞ்சரை மணி நேரம் கூட்டுது. ரெண்டு மணிக்கு வீட்டை விட்டுப் போனவளை ஏழரை வரைக்கும் உள்ள உட்கார வைக்குது. அப்படித்தானே?"

"கோப்புகள் அனைத்தும் அங்கீகரிக்கப்பட்ட முறைப்படியே மாற்றப்படுகின்றன" என்றார் பவித்ரன். திடீரென்று அறிக்கைத் தமிழுக்குத் தாவிவிட்டார். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அந்தத் தமிழில்தான் போய் ஒளிந்துகொள்வார்கள்.

நான் பையிலிருந்து அதே மாதிரி கேமரா ஒன்றை எடுத்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து. நீதிபதியின் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கோப்பு பதிந்தேன். கார்டைக் கழற்றி எழுத்தரிடம் கொடுத்தேன். காலமாற்றி வாசித்து, முத்திரையிட்டு, பெரிய திரையில் போட்டது: மாலை 4.40.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வக்கீலம்மா, சட்டத்தை நான் எழுதல. காலமாற்றி கொடுக்குற நேரமே இறுதியானதுன்னு போட்டிருக்கு. அதன்படி இப்ப மணி நாலு நாற்பது. நாலரையோட நீதிமன்ற வேலை முடிஞ்சது." எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெளியே கொளுத்தும் வெயில். சட்டப்படி சாயங்காலம். கந்தவேள் குடை பிடித்துக்கொண்டு வந்து, "குட் ஈவினிங் மேடம்" என்றார். அவரை அடிக்காமல் விட்டதை என் வாழ்நாள் சாதனையாகக் கருதுகிறேன்.

பவித்ரனைத் தாழ்வாரத்தில் வழிமறித்தேன். "தெரிஞ்சேதான் விட்டு வச்சிருக்கீங்களா?"

"தெரியும் மேடம். மூணு வருஷமாத் தெரியும்." இப்போது சாதாரணத் தமிழுக்கு வந்திருந்தார். "வசதியானவங்க வீட்டுல எல்லாமே நெட்ல ஓடுற கருவி, கிரீன்விச் எண்ணாத்தான் எழுதும். அதுல பிரச்சினையே இல்ல. கார்டு யூஸ் பண்றவங்கதான்... இப்பத் திருத்தினா பழைய தீர்ப்பெல்லாம் எந்திரிச்சு வரும். யாரு பதில் சொல்றது?"

காலை எட்டுக்கே வேலைக்கு வந்தும் மதியம் ஒன்றரைக்கு வந்ததாக அரை நாள் சம்பளம் போன வாட்ச்மேன்களை எனக்குத் தெரியும். ஏஜென்சிக்காரன் ஏமாற்றுகிறான் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்பசேகர் காரில் ஏறப்போனார். "அந்தம்மா ரெண்டு மணிக்குப் போனது உங்களுக்குத் தெரியும்" என்றேன். "ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் சொல்றது சாட்சி இல்லியே மேடம். கோப்பு சொல்றதுதான் சாட்சி." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "போய்க் கோப்புகிட்டக் கேளுங்க."

போய்க் கேட்டேன். என் அறையில் உட்கார்ந்து அடைக்கலமேரியின் கடைசிக் கோப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். படம் சாட்சி ஆகாது. ஆனால் படத்தைப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வாசல் வரை வந்து சிதம்பரநாதன் கையாட்டுகிறார். அந்த மணிக்கட்டில் நீலமாக ஏதோ கட்டியிருந்தது.

மறுநாள் புழலுக்குப் போய் அடைக்கலமேரியிடம் கேட்டேன். அவள் முன்பைவிட மெலிந்திருந்தாள். என்னைக் கண்டு அவள் முகம் மலர்ந்ததே கிடையாது. வக்கீல்களை அவளுக்குப் பிடிக்காது.

"அது நாடி பாக்குற பட்டைல்லா. மவன் வாங்கிக் குடுத்தது. தனக்கு நெட்டுல ஓடுறது ஒண்ணு, ஐயாவுக்குக் கார்டு போட்டது ஒண்ணு. அப்பாவுக்கு இது போதும்னு எம் முன்னாலயே சொன்னாவ. எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான்."

"ஐயா விழுந்த ஒடனே போயிட்டாவளாம். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா எங்கிட்ட வந்து சொன்னாவ, மண்டையில அடி, ஒரு நிமிசங்கூடத் தாங்கலன்னு. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலு. இல்லன்னா இந்த எட்டு மாசத்துல நான் தொங்கியிருப்பேன்." கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். "கெடந்து துடிக்கல பாருங்க."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மனம் முழுக்க அந்தப் பட்டையில்தான் இருந்தது. டாக்டரின் வார்த்தையும் சாட்சி ஆகாது என்பதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

பட்டை பிணவறையிலிருந்து வந்த துணிமணிகளோடு போலீஸ் கிடங்கில் கிடந்தது. செத்தவர் கையில் இருந்ததை யார் வாசிக்கப் போகிறார்கள்? அதை வாசிக்கும்படி மனுப் போட்டேன். கந்தவேள் எதிர்க்கவில்லை. பெரியவர் எவ்வளவு நேரம் அவதிப்பட்டார் என்று தெரிந்தால் பத்து வருஷத்தைப் பதினைந்தாக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

திறந்த நீதிமன்றத்தில் காலமாற்றி பட்டையை வாசித்தது. கடைசி நாடித் துடிப்பு உருவான நேரம்: இரவு 9.10. முத்திரை விழுந்தது.

நான் எழுந்தேன். "யுவர் ஆனர், சட்டப்படி பெரியவர் மூணு நாற்பதுக்கு விழுந்தார். சட்டப்படி ஒன்பது பத்து வரைக்கும் உயிரோட கிடந்தார். என் கட்சிக்காரர் ஏழரைக்குப் போயிட்டார், அதுவும் சட்டப்படி. எட்டரைக்கு வீட்டுக்குள்ள வந்தவர் மகன். அவர் வீட்டுக் கதவுப் பூட்டு நெட்ல ஓடுறது, முதலாளி விரல் வச்சுத் திறந்தா மட்டும் நேரம் குறிக்கும், அது பொய் சொல்லாது. அப்பா உயிருக்குப் போராடிக்கிட்டு இருந்த நாற்பது நிமிஷம் மகன் பக்கத்துலயே இருந்து போன்ல பேசிக்கிட்டு இருந்திருக்கார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகல. கைவிட்டுக் கொன்றது யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

இன்பசேகருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் நாற்காலி கவிழ எழுந்தார்.

"பொய்! நான் வந்தப்ப அப்பா செத்துக் கெடந்தாரு! உடம்பு சில்லுன்னு விறைச்சுப்போய் இருந்துச்சு! அந்த மெஷின் தப்பு, கார்டுன்னா அஞ்சரை மணி நேரம் தள்ளிக் காட்டும்னு இவங்களே சொன்னாங்கல்ல! அந்தம்மா ரெண்டு மணிக்கே போயிருச்சு சார், நான்தான் போன் பண்ணிப் போகச் சொன்னேன், வர்றேன்னு சொன்னேன், மறந்துட்டேன்!"

எட்டு மாதத்தில் அந்த அறைக்குள் முழு உண்மை சொல்லப்பட்டது அப்போதுதான். சொன்னவன் அதைச் சொல்லக் கூடிய ஒரே ஆள்.

"குரல் சாட்சி அல்ல" என்றார் நீதிபதி. அவர் முகத்தில் வியர்வை இருந்தது. "உட்காருங்க."

அன்று மாலை இன்பசேகரைக் கைது செய்தார்கள். நிஜமான மாலை. அவரைக் கடந்து போகும்போது, "கோப்புகிட்டக் கேட்டேன் சார்" என்றேன். பொய்யான நேரத்தை வைத்து ஒருவனை உள்ளே தள்ளினேன் என்பது எனக்குத் தெரியும். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

அடைக்கலமேரியின் வழக்கு மட்டும் அப்படியே நின்றது. ஏழரை வரை இருந்தவள் என்ற குற்றம் இன்னும் அவள் தலையில்தான். ஆனால் நான் எதிர்பார்த்தது நடந்தது. மூன்று வருஷமாக யாருக்கும் கேட்காத விஷயம், அண்ணா நகர் ஏழாவது மாடிக்காரர் உள்ளே போனதும் கோட்டைக்கே கேட்டுவிட்டது. இரண்டு வாரத்துக்குள் அவசரச் சட்டம் வந்தது. இனி கார்டில் எழுதிய மணியை உள்ளபடியே எடுத்துக்கொள்ள வேண்டும். நடந்துகொண்டிருக்கும் வழக்குகளில் உயிரோடு இருப்பவர்களின் கோப்புகளை மறுபடி வாசிக்கலாம். இன்பசேகர் மீதான வழக்கை அரசு காரணம் எதுவும் சொல்லாமல் மறுநாளே வாபஸ் வாங்கியது. அவர் வெளியே வந்து ஆறு நாள் கழித்து அடைக்கலமேரியின் கோப்பு மறுபடி வாசிக்கப்பட்டது. மதியம் இரண்டு மணி. விடுதலை. முடிந்துபோன வழக்குகளில் தண்டனை அனுபவிப்பவர்களைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

புழல் வாசலில் காரோடு நின்றேன். அவள் துணிப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். நன்றி எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

"ஏறு மேரி. கோயம்பேடு வரைக்கும் விடறேன்."

அவள் ஏறவில்லை. "உள்ள டீவியில சொன்னாவ. ஐயா விழுந்து, அஞ்சரை மணி நேரம் உசுரோட கெடந்தாவன்னு."

"அது மெஷின் தப்பு. உனக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும். கோர்ட்டுல எழுதியிருக்கில்லா?"

"எழுதியிருக்கு."

"என் கோப்பைத் திரும்ப வாசிச்சாவள்லா. அதையும் வாசிச்சு மாத்தச் சொல்லுங்க."

எனக்குச் சலிப்பாக வந்தது. "உயிரோட இருக்கறவங்க கோப்பைத்தான் திரும்ப வாசிக்கலாம். செத்தவங்களுக்கு வழக்கு கிடையாது. அது அப்படியேதான் இருக்கும். உன்னை வெளியில கொண்டுவந்ததே அந்த ஒன்பது பத்துதான், அதை ஞாபகம் வச்சுக்கோ."

"அவரு மவன் மனுப் போட்டா?"

"அவன் எதுக்குப் போடப்போறான்? அவன் வேலை முடிஞ்சுது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எட்டு மாதச் சிறையில் கந்தவேளைக்கூட அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"நாலு வருசம் அவியளக் குளிப்பாட்டி விட்டுருக்கேன் வக்கீலம்மா. சோப்பு கண்ணுல பட்டாக்கூடப் பொறுக்க மாட்டாவ. ஒரு நிமிசத்துல போனவியள, அஞ்சரை மணி நேரம் தரையில போட்டுத் துடிக்க விட்டுட்டியளே."

"நான் எங்கே..."

"நீங்கதான எழுத வச்சிய. அன்னைக்குப் பட்டையப் பத்திக் கேக்கையில, எதுக்குன்னு கேட்டேன். சும்மான்னு சொன்னிய. சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பேன்."

"பத்து வருஷம் உள்ள கெடந்திருப்பே!" என்று கத்திவிட்டேன். வாசல் காவலர் திரும்பிப் பார்த்தார்.

"கெடந்திருப்பேன்" என்றாள்.

ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். பஸ் வர வெகு நேரம் ஆயிற்று. நானும் காருக்குள் ஏறாமல் எதிர்ப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு தடவைகூட அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

சிதம்பரநாதனின் நேரத்தைத் திருத்தச் சொல்லி வருஷத்துக்கு ஒரு மனு வருகிறது. மனுதாரர் பெயர் அடைக்கலமேரி. உறவு என்ற இடத்தில் "வேலை பார்த்தவள்" என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு வருஷமும் தள்ளுபடி ஆகிறது. மனுவை எழுதிக் கொடுக்க அவள் வேறொரு வக்கீலைப் பிடித்திருக்கிறாள்.